ஸ்பானிய வகுப்பில் காலமான அண்ணர்

பார்சலோனா

அன்பின் யசோதரா,

லிங்கநகரில் நீரும் மகள் நிஷாந்தினியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உமது முழங்கால் வலி குறைந்ததா? நான் வேலைக்குப் போய் வருகிறேன்.

மாலையில் ஸ்பானிய வகுப்பு. மேசைக்கு இவர்களின் சொல்லும் ஏறக்குறைய மேசைதான், காலில் போடும் சப்பாத்தும் அப்படியே. இருபது வருடம் படிப்பித்தவன் இப்போது கையை உயர்த்திக்கொண்டு இருக்கிறேன். போன கிழமை, எனக்கு ஓர் அண்ணர் இருக்கிறார் என்று சொல்லியிருந்தேன். நேற்று ஆசிரியை அவரைப் பற்றிக் கேட்டார். எங்கள் தம்பலகாமத்து வயலைத் தன் பெயருக்கு மட்டும் எழுதிக்கொண்டவரோடு எனக்குப் பேச்சில்லை என்று சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை. "முன்பு இருந்தார், இப்போது இல்லை" என்றேன். வசனம் சரி. ஆசிரியை என் கையைப் பிடித்துக்கொண்டார். வகுப்பே எழுந்து நின்றது.

பின்வரிசை வாங்கிலிருந்து, நம்மூர்ப் பக்கத்துச் சல்லிக் கிராமத்துப் பெடியன் ரிஷிகேசன் தமிழில், "மாஸ்டர், உங்கட அண்ணர் முந்தநாளும் கோயிலடியில நிண்டவர் எண்டு அம்மா சொன்னவ. செத்தவரின்ர எட்டுச்செலவுச் சாப்பாடு எப்ப?" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கவலையும் வரவில்லை. மற்றவர்களோடு நானும் நின்றேன்.

அலுமாரிக்குள் இருக்கும் பழைய மூக்குக்கண்ணாடியையும் கொஞ்சம் கறித்தூளையும் யாரிடமாவது கொடுத்துவிடும்.

வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலில் அண்ணரின் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்யும். நட்சத்திரம் கேட்டை. வயல் விஷயத்தை நான் மறக்கவில்லை. அர்ச்சனை செய்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

சிவபாதம்