ஆக்சிஜன் மெஷினின் வருடக் கணக்கு

அன்பு மகள் கிரெட்சனுக்கு அம்மா எழுதுவது. அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நான் சுகம். வழக்கம்போல "நாங்கள் சுகம்" என்று எழுத இந்த முறை மனம் வரவில்லை.

பனி ஜன்னல் வரைக்கும் ஏறிவிட்டது, சர்ச் ஆட்கள் வந்து வாசலைச் சுத்தம் செய்தார்கள், பக்கத்துப் பண்ணை அர்டிஸ் மாவு உருண்டை போட்ட க்னெஃப்லா சூப் கொண்டுவந்தாள், உன் அப்பாவுக்கு நாலு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் மெஷின், அந்த நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. மெஷின் வருடத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கும், பில்லை நானே கட்டுகிறேன், கோடையில் வருகிறேன் என்று போனில் சொன்னாயே, அதைச் சொன்னதும்தான் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. காபி மெஷின், ஹேர் டிரையரைக்கூட விடாமல் ஒவ்வொரு ஜனவரியும் கணக்குப் போட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுகிற மனிதராயிற்றே. நீ பள்ளியில் படிக்கும்போது, "என் தலை காயறதுக்கும் கணக்காப்பா?" என்று சண்டை போடுவாய்.

ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடும், இது ஓயாமல் ஓடும், அதனால் இதன் கணக்கு சுலபம் என்றார் அப்பா. முந்நூற்றைம்பது வாட், இருபத்துநாலு மணி நேரம், நாளைக்கு எட்டு புள்ளி நாலு யூனிட். அதை நூறால் பெருக்கி எண்ணூற்று நாற்பது என்று எழுதினார். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், மறந்துவிட்டீர்களா என்றேன். "மறக்கல மார்லிஸ். ஓடாத நாளுக்கும் கரண்ட் எழுதச் சொல்றியா? கிறிஸ்துமஸ் லைட்டுக்கு இருபது நாள்தானே போடறேன், அதுக்கு நீ சண்டைக்கு வர்றதில்லையே" என்று சிரித்தார். போன வாரம் டாக்டர் எங்களிடம் சொன்ன நாள் கணக்கைத்தான் எழுதியிருக்கிறார். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அவர் கண்ணயர்ந்தபோது நூறை அழித்து முந்நூற்று அறுபத்தைந்து என்று எழுதி, மூவாயிரத்து அறுபத்தாறு யூனிட் என்று திருத்தினேன். விழித்ததும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கடைக்காரன் பத்து சென்ட் தப்பாகக் கூட்டினாலும் திரும்பிப் போய் நிற்பவர். என்னை ஒருமுறை பார்த்தார். "பெருக்கல் சரியாத்தான் இருக்கு" என்றார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, குழாயை இழுத்துக்கொண்டே அலமாரி வரை நடந்து, தன் கையாலேயே ஒட்டினார். பொய்க் கணக்கு என்று தெரிந்தும் எனக்காக ஒட்டினார், கிரெட்சன்.

பில் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு வா, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா. கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். கோடை வரைக்கும் காத்திருக்காதே மகளே, அவர் எழுதிய நூறு நாளுக்குள் இங்கே பனிகூட உருகாது.

உன் அம்மா,
மார்லிஸ்