வெடிப்பின் மேல் பூசிய காவி

அக்கா,

காலையில் வேன் கதவைத் திறந்ததும் காவிப் பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. போன வாரம் பூசிவிட்டுப் போட்ட டின், சரியாக மூடவில்லை. உங்கள் ஞாபகம் வந்து, நேரே கோயில் மலைக்கு வண்டியை விட்டேன்.

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பார்த்த வேலையை விட்டு நீங்கள் சுற்றுலா வழிகாட்டி ஆனபோது சிரித்தேன். "கல்லப் பாக்க எவன்க்கா வெள்ளி குடுப்பான்?" பணம் கொடுத்துத்தான் பார்த்தார்கள். நான் வேனில் ஏற்றி வரும் ஆட்களை, வீடளவு நிற்கும் அந்தக் கருங்கல்லின் முன் நிறுத்துவீர்கள். பூமிக்கடியில் குழம்பாகக் கிடந்து ஆறிய கல் இது, இதன் வெடிப்பு வழியாகத்தான் ஊற்று வருகிறது, ஊற்றைப் பார்த்துத்தான் நம் சனம் இங்கே முனீஸ்வரனை வைத்தது என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பீர்கள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

வெடிப்பின் குறுக்கே நீங்கள் போட்ட வெள்ளை, காவிப் பட்டையைக் கோயில் அலங்காரம் என்றே எல்லாரும் நினைத்தோம். ஆஸ்பத்திரியில்தான் சொன்னீர்கள். "தம்பி, அந்தப் பட்டைய யாரும் தொடக்கூடாதுலா. அது அறுந்தா கல்லு நகருதுன்னு அர்த்தம். அன்னிக்கு ஒருத்தரையும் மேல ஏத்தாதே."

"சரிக்கா" என்றேன். மண்டையில் ஏறவில்லை. நீங்கள் போன துக்கத்தில், உங்கள் பட்டை மங்கக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் நின்றது. மூன்று வருடமாக ஒவ்வொரு பூசைக்கும் நானே பூசினேன். கீறல் தெரிந்த இடத்தில் சுவருக்குப் பூசும் புட்டிப் பசை வைத்து அடைத்து, அதன்மேல் பூசினேன். பாவி! உங்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்தேன்.

இன்று பார்த்தால், ஒரு வாரத்துப் பெயிண்ட் நடுவில் அறுந்து நிற்கிறது. சுண்டுவிரல் உள்ளே போகிறது. ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது.

நாளைக்குப் பூசை. கூடவே ஒரு பஸ் நிறையச் சுற்றுலா ஆட்கள். கோயில் தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"சாமி கல்லுடா, அது எங்க போவும்? சரி, எவ்வளவு நாளா நகருது?"

திரும்பி வேனுக்கு ஓடினேன்.

மாநகராட்சிக்குப் போன் போட்டுவிட்டு, வேனை மலைப்பாதைக்குக் குறுக்கே நிறுத்தியிருக்கிறேன். வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அலங்காரத்துக்குப் பூக்கூடையோடு வந்தவர்கள் திட்டிவிட்டுத் திரும்பினார்கள். தலைவர் சாவியைக் கேட்டுக் கண்ணாடியைத் தட்டுகிறார். தட்டட்டும், தர மாட்டேன். மழை வேறு பிடித்துக்கொண்டது. மேலே சின்னக் கற்கள் உருளும் சத்தம். தட்டுவதை நிறுத்திவிட்டு அவரும் அண்ணாந்து பார்க்கிறார்.

மூன்று வருடமாக அந்தக் கல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நான்தான் ஒவ்வொரு தடவையும் அதன் வாயை அடைத்தேன், அக்கா.