வாயிலில் நிறுத்திய குடை

மேகம் தவறாது பொழியும் தண்குன்ற நாட்டில், கோல் கோணாது ஆளும் திருமாவேள் மன்னரின் வலக்கையாய் விளங்கும் பேரமைச்சர் அறவாழியார் திருமுன்னர், ஆலங்குறிச்சிக் கிழார் வேள்மறவனார் வணங்கி எழுதுவித்த ஓலை. தங்கள் நகரின் மதில் ஓங்குக. தங்கள் மனையின் விளக்கு நின்று எரிக.

இவ்வோலையின் முதற்பொருள் நன்றி. ஆலங்குறிச்சிக் குடியினர் எளிதில் எவருக்கும் நன்றி எழுதுவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆதலால் இதன் எடையையும் அறிவீர்கள்.

தலைநகர்ப் பெருங்கல்லூரியின் நீரளவைத் துறையில் மழைக்காலத்துக்கு மட்டும் வந்து கற்பிக்கும் பருவ ஆசிரியரை அமர்த்துவதும், அவருக்குப் படியளப்பதும், பருவ முடிவில் அவர் திறனை மதிப்பிடுவதும் கிழாரின் பாட்டனார் காலந்தொட்டு இக்குடியின் உரிமை. மதிப்பிடும் நாளில், முன்னாள் மன்னர் அளித்த வெண்குடையின்கீழ்க் கிழார் வகுப்பின் நடுவே வீற்றிருப்பார். அக்குடையின் முன் கிழார் வினவாமல் எவரும் வாய் திறவார். பாடத்தை ஓதுவித்தே வந்த முந்தைய ஆசிரியர் அனைவரும் அவ்வமைதியில் குறையின்றித் தேறினர்.

சென்ற பருவம் அமர்ந்த அல்லியங்கோதையாரோ, மாணவர் எழுப்பும் வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்குபவர். மதிப்பிடும் நாளன்று அவர் எவ்வளவு தூண்டியும், மாணவர் கிழாரின் மிதியடியைப் பார்த்தபடி ஊமையராய் இருந்தனர். இவருக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்று கிழார் தீர்ப்பளித்து, மறுபருவ அழைப்பை நிறுத்தினார். ஆலங்குறிச்சி விலக்கிய ஆசிரியரை வேறெந்தக் கல்லூரியும் ஏற்காது என்பது நாடறிந்தது. அம்மையார் ஒரு சொல்லும் முறையிடாமல் தம் சுவடிகளைக் கட்டினார். முறையிட்டவர்கள் மாணவர்கள்; அதுவும் தங்களிடம்.

அம்மையாரின் பாடத்தைக் குடையின்றி மீண்டும் ஒருமுறை கேட்டருள வேண்டும் எனத் தாங்கள் எழுதியபோது, கிழாரின் மனை கொதித்தது. குடையை விடுவது குடியை விடுவதாகும் என்றனர் பங்காளிகள். குடையில்லாமல் போனால் அண்ணாரை மடைப்பள்ளி ஆள் என்று எண்ணி மாணவர் சோறு கேட்பர் என நகைத்தார் இளையவர். கிழாரும் மறுத்தெழுதவே ஏட்டை எடுத்தார். அதற்குள் தங்கள் இரண்டாம் ஓலை வந்தது: குடை கல்லூரி வாயிலில் ஊர் காண நிற்கட்டும், அது நிற்குமிடமே கிழாரின் இருக்கை என்பது அரசர் திருவாக்கு, உள்ளே அவர் விரும்பிய பாயில் அமரலாம் என்று. ஒரு முதியவரின் தலை தாழாமல் அவரை உள்ளே நுழைய வைத்தீர்கள். அதற்கே இந்த நன்றி.

கிழார் கடைசிப் பாயில் அமர்ந்தார். தலைப்பாகை மறைக்கிறது, சற்று நகர வேண்டும் என்று பின்னால் சுவரோரம் நின்ற மாணவன் ஒருவன் வேண்டினான், கிழார் நகர்ந்தார். அன்று அவ்வகுப்பு சந்தையாய் இருந்தது. ஒருவன் மதகைப் பற்றிக் கேட்க, மற்றவன் அவனை மறுக்க, அம்மையார் இருவரையும் மோதவிட்டுக் கரையை மணலில் வரைந்து காட்டினார். யாரும் எதையும் ஒப்புக்கு ஏற்கவில்லை.

எந்த வேளையில் தாமும் கேட்டார் என்பது கிழாருக்கே தெரியாது. ஆலங்குறிச்சிப் பேரேரியின் கீழ்க்கரை ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரே இடத்தில் உடைவது ஏன் என்று கேட்டுவிட்டார். மூன்று தலைமுறையாகக் குடிக்கு வெளியே யாரும் பேசாத செய்தி அது. வகுப்பு திரும்பிப் பார்த்தது.

அம்மையார் கிழாரை அடையாளம் கண்டும் முகம் மாறவில்லை. தெரிந்ததுபோல் எதையும் சொல்லவுமில்லை. அவர் கூறியது இவ்வளவே: "ஐயா, எனக்குத் தெரியாது. கரையைத் தோண்டிப் பார்த்து விடை காண இன்னொரு மழைக்காலம் வேண்டும். அதைத் தர வல்லவர் தாங்களே."

தெரியாது என்று தம்மிடம் சொன்ன ஆசிரியர் எவரையும் கிழார் அதுவரை கண்டதில்லை.

ஆதலால் கிழார் பணிப்பதாவது: அல்லியங்கோதையார் வரும் பருவமும் அதற்கடுத்த பருவங்களும் நீரளவைத் துறையில் அமர்க. மழையில்லா மாதங்களிலும் அவர் மனைக்கு நெல் செல்க. இனி மதிப்பீட்டு நாளில் கற்றவர் கூற்றே முதலில் கேட்கப்படுக. முதல் மழை விழுந்ததும் அம்மையார் தம் மாணவர் அனைவருடனும் ஆலங்குறிச்சிக்கு எழுந்தருள்க. எங்கள் கரையை எங்கு வேண்டினும் தோண்டுக. தடுப்பவர் எம் குடியினரே ஆயினும் எம் குடியினர் அல்லர்.

ஏர்முத்திரை இட்டுக் கிழார் தம் கையால் கட்டிய ஓலை. கொண்டுவருவோர்க்கு நிழலும் நீரும் அளித்தருள்க.