ஆறாம் வகுப்புக்கு ஒத்திகை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை, உடம்பு என்று பார்த்தால் அது உண்மையும்கூட. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்காமல் துணி காயப்போட ஏறுகிறாள், இறங்கி வந்து என்னிடம் முனகுகிறாள். எனக்கு இரத்த அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது, உன் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் ஒரு வாரம் எங்கேயாவது போய் இருந்தால் இன்னும் சரியாக இருக்கும். உன் அண்ணன் போனில் உன்னிடம் ஏதோ சொல்லியிருப்பான், தெருவில் சின்னக் குழப்பம், ஆளை மாற்றி நினைத்துவிட்டார்கள் என்று பூசி மெழுகியிருப்பான். நடந்ததை நடந்தபடி சொல்ல இந்த வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன், அதையும் போனில் சொன்னால் பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் மகள், நம் வாயாடி, ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள், தெரியும் அல்லவா. இனிமேல் ஆறாம் வகுப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரிய நடுநிலைப் பள்ளி. அங்கே இடம் கிடைத்த அன்று அவள் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாடத்துக்குப் பாடம் வேறு டீச்சராம், மணி அடித்தால் அறை மாற வேண்டுமாம், பென்சிலை விட்டுவிட்டுப் பேனாவில் எழுதலாமாம், ஆளுக்கு ஒரு பூட்டுப் போட்ட அலமாரியாம், நூலகத்தில் மட்டும் பேசவே கூடாதாம், அது ஒன்றுதான் கொஞ்சம் கஷ்டம் தாத்தா என்றாள். பயம் என்பது அவளிடம் மருந்துக்கும் இல்லை. அந்த நேரம் பார்த்து நீ ஒரு புண்ணியம் கட்டிக்கொண்டாய். நடுநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பெற்றோர் தயார் செய்வது எப்படி என்று ஒரு கட்டுரையைப் போனில் அனுப்பி வைத்தாய். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய், நான் இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளையோடு ஒரு தரம் அந்த வழியில் நடந்து பாருங்கள், பூட்டைத் திறக்கப் பழக்குங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தனியாக விடுங்கள் என்று அது சாதுவாகத்தான் சொல்லியது, நானும் படித்தேன். ஆனால் யார் கையில் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா அம்மாடி? உன் அண்ணன் இன்சூரன்ஸ் கம்பெனியில் எங்கே தீப்பிடிக்கும், எது இடிந்து விழும் என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன். உன் அண்ணி ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள், நாலு பேரை உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இந்த இரண்டு பேரும் சேர்ந்து உன் கட்டுரையைப் படித்தார்கள் என்று சொல்வதைவிட அதன்மேல் பாய்ந்தார்கள் என்று சொல்லலாம்.

மறுநாளே வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. கூடம் கணக்கு வகுப்பு, படுக்கையறை வரலாறு, சமையலறை அறிவியல், கதவுக்குக் கதவு காகிதம் ஒட்டினார்கள். போனில் மணி அடிக்கும், உடனே பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டும், தாமதமாக வந்தால் உன் அண்ணி வாசலில் நிறுத்தி ஏன் தாமதம் என்று கேட்பாள், பிள்ளை காரணம் சொல்ல வேண்டும். நான் குளியலறைக்குப் போவதென்றால் வரலாற்றின் வழியாகத்தான் போயாக வேண்டும், அதற்கும் கையைத் தூக்கி அனுமதி கேட்கச் சொன்னாள். கேட்டேன், வேறென்ன செய்வது, என் அவசரம் எனக்கு. பூட்டுத் திறக்கும் பழக்கத்துக்கு என் துணி பீரோதான் கிடைத்தது. உன் அண்ணன் அதில் எண் பூட்டு ஒன்றை மாட்டி எண்ணை வைத்துவிட்டு அவனே மறந்தும் போனான், நான் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு உலாவினேன், கடைசியில் வாயாடிதான் திருகித் திருகித் திறந்து கொடுத்தாள். உன் அம்மாவைச் சாப்பாட்டு இடைவேளைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள், அவளுக்கு ஒரே பெருமை, மணி அடிக்கும்வரை எனக்குத் தட்டு வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்குள் ஆடும் கூத்துதானே, ஆடித் தொலையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்தது தெருவுக்கு வந்தது. தனியாக நடந்து போகப் பழக்குகிறார்களாம். பழக்கு, வேண்டாம் என்றேனா? பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டு உன் அண்ணன் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போவானாம். அதற்கு ஒரு தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கு வாய் எல்லாம் மூடி ஒரு முகக்கவசம். கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கண்டுபிடிக்க முடியுதாப்பா என்று கேட்டான், உன்னை நான் இன்னும் கண்டுபிடிக்கவே இல்லையடா என்றேன். பிள்ளைக்கு விதி வேறு. திரும்பிப் பார்க்கக் கூடாது, வழியில் அப்பாவையோ அம்மாவையோ கண்டால்கூட முன்பின் தெரியாதவர்கள் போல நடக்க வேண்டும், இடையில் யாராவது வந்து எதையாவது கேட்டுச் சோதித்துப் பார்ப்பார்கள், அதற்கெல்லாம் மசியக் கூடாது. சொன்னபடியே ஒரு நாள் உன் அண்ணியின் சிநேகிதி ஒருத்தி வழிமறித்து உங்கப்பா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னார் வா என்று கூப்பிட்டுப் பார்த்தாளாம், வாயாடி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாளாம். அன்றைக்கு வீட்டில் ஒரே கைதட்டல்.

அந்த வழியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடைக்கார அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறவள். சின்னப் பெண் ஒன்று தினமும் தனியாக நடக்கிறது, முகத்தை மூடிய ஒரு தடியன் வேனுக்குப் பின்னால் பதுங்குவதும் மரத்துக்குப் பின்னால் நிற்பதுமாக அதன் பின்னாலேயே வருகிறான் என்று பார்த்தால் எந்தப் பெண்பிள்ளைதான் சும்மா இருப்பாள்? எதிரே டயர் கடையில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டாள், அவர்கள் வந்து உன் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். என் பொண்ணுங்க, என் சொந்தப் பொண்ணுங்க என்று இவன் கத்த, அந்த அம்மா ஓடிப்போய்ப் பிள்ளையை நிறுத்தி, பாப்பா இந்த ஆளு உங்கப்பான்னு சொல்றான், உனக்கு இவனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். வாயாடி உன் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாளாம். தெரியாது ஆன்ட்டி என்று சொல்லிவிட்டுத் தன் வழியே நடையைக் கட்டினாளாம்.

உன் அண்ணி ஆபீசில் போனை எடுக்கவில்லை, அதனால் நம் வீட்டுத் துரை, உன் அண்ணன்தான், என்னைக் கூப்பிட்டார். நான் சட்டையை மாற்றி, தலையைச் சீவி, சாவகாசமாகத்தான் போனேன். டயர் அடுக்கின்மேல் உட்கார்த்தி வைத்திருந்தார்கள், தொப்பி ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். பெரியவரே, இவரு உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டார்கள், நானும் உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தேன், அவன் முகம் போன போக்கைப் பார்த்து மகன்தான் என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஜெராக்ஸ் கடை அம்மாவுக்கு மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன், அந்தத் தெருவிலேயே உருப்படியான காரியம் செய்தவள் அவள்தான். நாங்கள் வீட்டுக்கு வந்தால் எங்களுக்குப் பின்னாலேயே வாயாடி துள்ளிக்கொண்டு வருகிறாள், பள்ளிக்கூட கேட்டைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன், இன்றைக்கு வைத்த டெஸ்ட்தான் ரொம்பக் கஷ்டம், ஆனாலும் பாஸ் என்கிறாள். உன் அண்ணனுக்குக் கோபத்தில் வாய் குழறியது. அது டெஸ்ட் இல்லடி, அவங்க என்னை நிஜமாவே பிடிச்சுட்டாங்க என்று கத்திவிட்டான்.

அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான். அதன் பிறகு சிரிப்பு வரவில்லை. பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் தலையை ஆட்டுவாள், சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து, நான் புது ஸ்கூலுக்குப் போகல என்றாள். இவர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு பேசி என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? பிள்ளை இன்னும் தயாராகவில்லையாம், ஒரு வருடம் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து அடுத்த வருடம் அனுப்பலாமாம். தயாராக இருந்த பிள்ளையைப் பிடித்துத் தயார் செய்து தயாராகாமல் ஆக்கிய சாமர்த்தியம் உலகத்தில் வேறு யாருக்கும் வராது. நான் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையில் வேலை பார்த்தவன், உனக்குத் தெரியும். பிள்ளையைச் சும்மா மடியில் வைத்துக்கொண்டு நீட்டும் தாய்மார் உண்டு, அந்தப் பிள்ளை ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிடும். இன்னும் சிலர் வலிக்காது வலிக்காது என்று கண்ணைப் பொத்தி, இறுக்கிப் பிடித்து, தாமும் நடுங்குவார்கள், அவர்கள் பிள்ளை நான் ஊசியை எடுப்பதற்கு முன்பே கட்டிடம் அதிர அலறும். உன் அண்ணனும் அண்ணியும் இரண்டாவது ரகம்.

மறுநாள் மத்தியானம் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், வாயாடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளாகத்தான் ஆரம்பித்தாள். தாத்தா, அந்த ஸ்கூல்ல என்ன இருக்கு என்றாள். என்ன இருக்கும், பெஞ்சு இருக்கும் என்றேன். இல்ல தாத்தா, நான் சைக்கிள் கத்துக்கிட்டப்போ அப்பா பின்னாடி வரல, பல் பிடுங்கினப்போகூட வெளியே உட்கார்ந்து பேப்பர் படிச்சார், இதுக்கு மட்டும் முகத்தை மூடிக்கிட்டு ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தாரே, டெஸ்ட் இல்ல நிஜம்னு வேற கத்தினாரே, அப்போ அங்க என்னமோ பெருசா இருக்கு, எல்லாருக்கும் தெரியும், எனக்குத்தான் சொல்ல மாட்டேங்கறீங்க என்றாள். அம்மாடி, விளையாட்டு என்று துள்ளிக்கொண்டு நடந்தவள், பின்னால் வந்த செருப்புச் சத்தத்தை இத்தனை நாளாக உள்ளே வைத்து நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறாள்! அங்கே ஒண்ணும் இல்ல, உங்கப்பன் ஒரு பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான் விஷயம் என்றேன். அப்பாவுக்கு என்ன பயம் என்றாள். உன்னைத் தனியா விடறதுக்குப் பயம் என்றேன். அவள் அதைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தாள், நான் பீன்ஸை நறுக்கி முடித்துவிட்டேன், எழுந்து போகும்போதும் யோசித்துக்கொண்டுதான் போனாள்.

அன்று சாயங்காலம் உன் அண்ணன் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுப்பா என்று அப்போதும் இழுத்தான். இப்ப ஆயிருக்கறது போதாதா, வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடியே பிள்ளை நடுங்கி உட்கார்ந்திருக்கு, இதுக்கு எந்தக் கம்பெனிடா இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று கேட்டேன். அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உன் அண்ணி உள்ளே போய்க் கதவுகளில் ஒட்டியிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டாள், அவளை நான் எவ்வளவு திட்டினாலும் சொன்னால் புரிந்துகொள்கிறவள்தான். போவதும் போகாததும் உன் இஷ்டம், நாங்கள் பின்னால் வர மாட்டோம் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டார்கள்.

இன்றைக்குக் காலையில்தான் பள்ளி திறந்தது. உன் அண்ணன் விடிந்ததும் குளித்து உடுத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தால் காலை உடைப்பேன் என்று நான் சொல்லியிருந்தேன். என்ன செய்யப்போகிறாளோ என்று எங்கள் யாருக்கும் தெரியாது, உன் அம்மா இரண்டு தரம் அதே பாத்திரத்தைக் கழுவினாள். வாயாடி யூனிபார்ம் போட்டு, பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வாசல் வரைக்கும் போனவள் நின்று, அப்பா வா, பின்னாடி எல்லாம் வேணாம், பக்கத்துல வா என்றாள். அவன் என்னைப் பார்த்தான், போய்த் தொலை என்று கையைக் காட்டினேன். திரும்பி வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே அவன்தான் சொன்னான், சொல்லும்போது சிரித்தான். கேட் பக்கத்தில் புதுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த டீச்சர் இவர் யாரும்மா என்று கேட்டாராம். எங்க அப்பா மிஸ், கொஞ்சம் பயப்படுவார், போகப் போகப் பழகிடுவார் என்று சொல்லிவிட்டு இவன் கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். உன் அண்ணனிடம் ஒன்றும் கேட்காதே, பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று அவளையே கூப்பிட்டுக் கேள், மறக்காதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேரனுக்கு முத்தம். நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா