ஆடிக்கு முந்தின விசா

மாமல்லபுரம்
29.6.2025

அடியே ஜெனி,

இந்தக் காலத்துல கடுதாசி எழுதுறாளேன்னு சிரிக்காதே. வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு வுடுற ரூம் புக்கிங் எல்லாம் என் போன்லதான் வருது. அந்தப் போன் இப்ப என் மவன் கார்த்தி கையிலயேதான் கீது. உனக்கு நான் போடுற மெசேஜ என் மருமவ உரக்கப் படிக்க, ரெண்டு பேரும் உக்காந்து சிரிக்கிறாங்க. த்தூ, இன்னா பொழப்புடி இது!

விசா எழுதுற கடைக்குப் போனேன். ஹனோய்ல எறங்கி, பஸ்லயும் ரயில்லயும் லாவோஸ், தாய்லாந்து, மலேசியான்னு சிங்கப்பூர் வரைக்கும் தரையிலயே போறோம்னு சொன்னேன். கடைக்காரன் பாக்கு மென்னுகினே, "கூட ஆம்பள யாரும் வரலியா? மவன் கிட்ட சம்மதம்னு ஒரு கையெழுத்து வாங்கியாம்மா"ன்றான். அப்படி எங்கடா ரூல் கீதுன்னா, "ஒரு சேஃப்டிக்கு"ன்றான். எனக்கு அம்பத்திமூணு வயசுடி! இருபது வருசமா வெள்ளைக்காரங்க பாஸ்போர்ட்ட ஜெராக்ஸ் எடுத்து, யாரு எப்ப வந்தா, எப்ப போனான்னு போலீசுக்கு எழுதிக் குடுத்தவ நானு. ஒருத்தி கிட்டயாவது உன் புள்ள கையெழுத்து எங்கன்னு கேட்டிருப்பேனா?

வியட்நாம் விசாவ ரெண்டு பேருக்கும் நானே போட்டுடறேன். மத்தத நீ பாரு. வேளாவேளைக்குச் சாப்புடு.

உன்
செல்வி

செங்கல்பட்டு
8.7.2025

அன்புள்ள செல்விக்கு,

நலம்தானே? ஆபீசில் அனுமதி கிடைத்துவிட்டது. சர்க்கார் வேலையில் இருப்பவள் வெளிநாடு போக மேலதிகாரி சம்மதிக்க வேண்டுமே, அந்தக் கொடுமையை என்ன சொல்ல. பார்த்தசாரதி சார் பைலை மூடி வைத்துக்கொண்டு, "கல்யாணமும் ஆகல, இந்த வயசுல அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றார். செக்‌ஷனே சிரித்தது. அவர் கண் போன இடத்தை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். நம் பயணத்துக்காக மட்டும்தான் நின்றேன், செல்வி. இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது.

லீவு ஆகஸ்ட் ஆறிலிருந்து ஒரு மாதம். லாவோஸ், சிங்கப்பூர் விசாவெல்லாம் நான் முடித்துவிடுகிறேன். வியட்நாம் விசாவுக்குத் தொடங்கும் தேதி மறக்காமல் ஆறு என்றே போடு. பதினெட்டாம் தேதி லாவோஸ் எல்லையைத் தாண்டுகிறோம்.

கர்த்தர் துணை இருப்பார்.

ஜெனிஃபர்

மாமல்லபுரம்
24.7.2025

ஜெனி கண்ணு,

விசா ரெண்டும் வந்துடுச்சு, ஜெராக்ஸ் காப்பி இதோட வெச்சிருக்கேன். உன்னுது நீ சொன்ன ஆறாந்தேதி. சர்ச்சுக்குப் போறவளுக்கு ஆடி இன்னா, ஆவணி இன்னா? என்னுத மட்டும் ஜூலை பதினாலுன்னு போட்டேன். ஆடி பொறக்கறதுக்கு முன்ன நல்ல நாளு அது. எங்கள்ல பரஸ்தானம்னு வெப்போம் தெரியுமில்ல? நல்ல நாள்ல பைய பக்கத்து வூட்ல கொண்டுபோய் வெச்சுட்டா பயணம் தொடங்கிட்ட கணக்கு. அப்புறம் எப்ப வேணா கெளம்பலாம். பைக்குப் பதிலு விசாவ முன்னாடி அனுப்பிட்டேன். எப்படி என் மூள?

செல்வி

செங்கல்பட்டு
26.7.2025

செல்வி,

தலையில் அடித்துக்கொண்டேன். நீ வாங்கியிருப்பது முப்பது நாள் விசா. விசாவில் போட்ட தேதியிலிருந்தே நாள் ஓடும். ஆகஸ்ட் பன்னிரண்டோடு உன் விசா செத்துவிடும், நாமோ பதினெட்டு வரை அங்கே இருக்கிறோம். உன் பரஸ்தானம் வியட்நாம்காரனுக்கு எப்படித் தெரியும்?

பரவாயில்லை. இன்றைக்கே புதிதாகப் போடு, நேரம் இருக்கிறது. தயவுசெய்து காலண்டரைப் பார்க்காதே.

ஜெனி

மாமல்லபுரம்
31.7.2025

ஜெனி,

கோச்சுக்காதே. விசா வீணாப் போனத கார்த்தி கிட்ட சொன்னேன். "அதாம்மா சகுனம், சாமியே தடுக்குது"ன்றான். மருமவளும் அழுவுறா, நான் இல்லன்னா ரூமுக்கு நாஸ்தா யாரு செய்யறதுன்னு. எனக்கும் மனசுல இன்னாவோ மாதிரி கீது. அடுத்த வருசம் போலாம்டி, சத்தியமா.

செல்வி

செங்கல்பட்டு
4.8.2025

உன் கடிதம் கிடைத்தது.

அடுத்த வருசம் என்று எனக்கு எழுதாதே. அத்தனை பேர் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன்னால் பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. விசாக் கடைக்காரனைத் திட்டி எழுதினாயே, அவன் கேட்ட கையெழுத்தைத்தானே இப்போது நீ கார்த்தியிடம் வாங்கிக்கொண்டிருக்கிறாய்? உன்மேல் கோபம் இல்லை, செல்வி. அருவருப்பாக இருக்கிறது.

நான் போகிறேன்.

ஜெனிஃபர்

மாமல்லபுரம்
12.8.2025

ஜெனி,

நீ வூட்ல இல்லன்னு தெரிஞ்சேதான் எழுதறேன்.

நீ ஃபிளைட் ஏறின அன்னிக்கு மதியம் சோறு துன்னுகினு இருந்தேன். உள்ள ரூம்ல மருமவ அவ அம்மா கிட்ட போன்ல பேசுறா. "சகுனம்னு அவர் ஒரு வார்த்த சொன்னாரும்மா, கெழவி அடங்கிடுச்சு. சம்பளமில்லாம வேற எவ செய்வா?" அப்படியே சிரிக்கிறா. வாயில வெச்ச சோத்த துப்பிட்டேன். அவள விட என்னிய நெனச்சாதான் எனக்குக் கேவலமா கீது. சீ, இவ்ளோ நாளா இவங்களுக்கா பயந்தேன்?

கார்த்தி கையிலேர்ந்து போன புடுங்கினேன். "இன்னாம்மா ஆச்சு உனக்கு"ன்னான். நேரா அதே விசாக் கடைக்குப் போனேன். எந்தத் தேதின்னு கேட்டான். எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அதப் போடுன்னேன். "ஆடிம்மா இது"ன்னான். போடுறாடேய்னு கத்துனதுல தெருவே திரும்பிப் பாத்துச்சு. இன்னிக்கு விசா வந்துடுச்சு. நாளைக்கு ராத்திரி ஃபிளைட்டு.

உனக்குப் போட்ட மெசேஜ் ஒத்த டிக்கோட நிக்குது. சிம் கார்ட மாத்தினியோ, என்னியே தூக்கிப் போட்டுட்டியோ, தெரியல. கேக்கற யோக்கியதையும் எனக்கில்ல. உன்னப் புடிக்க முடியலன்னா நான் தனியாவே போயிக்கறேன்.

நீ திரும்பி வந்து கதவத் தொறக்கும்போது இது காலடியில கெடக்கும். அன்னிக்கு ஒரு பஸ்ஸப் புடிச்சு எங்க வூட்டுக்கு வா. இந்தத் தடவையும் நான் போகாம வூட்லயே கெடந்தேன்னா, என் மூஞ்சியில காறித் துப்பிட்டுப் போ. இல்லன்னா கார்த்தி ரூம் பெருக்கினு இருப்பான். ஒரு டீ போட்டு எடுத்தாடான்னு அவங்கிட்ட கேட்டு வாங்கிக் குடி.

தமிழ்ச்செல்வி