மடிக்கணினியில் உங்கள் ஊர் நேரம்

வீட்டில் இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் சுகம். குட்டிக்குச் சளி விட்டுவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை.

இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடட்டுமா என்று போனில் கேட்டீர்கள். "உங்க இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று உங்களுக்கும் தெரியும். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் உங்கள் மடிக்கணினியின் கதையைக் கேளுங்கள்.

அதை ஆன் செய்தால் பாதியிலேயே நின்றுபோனது. கணினியை ஓடவைக்கும் ஓ.எஸ்ஸைப் புதிதாகப் போட வேண்டும் என்றார் கணினிக் கடைக்காரர். நானே போடுகிறேன் என்று ஜம்பமாக அலமாரியிலிருந்த பழைய ஓ.எஸ். சிடியை எடுத்து வந்தேன். கணினியை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். சிடி நுழைய வழியே இல்லை! மாடி வீட்டு நர்ஸ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதுக்கெல்லாம் பென் டிரைவ்தான்டி என்று, தன் கணினியிலிருந்து ஓ.எஸ்ஸை அதில் ஏற்றிக் கொடுத்தார். அதைச் செருகி, கணினி விழிக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். சில தடவை கோட்டைவிட்டுத்தான் பிடித்தேன்.

உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சரியா என்று கேட்டது. படங்களை ஏற்கெனவே கடைக்காரரிடம் சொல்லி எடுத்து வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

பிறகு திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தன. மதிய வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. குட்டி என் மடியில் தூங்கிப்போனாள். நானும் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அடுத்த அறையில் நீங்கள் அலமாரியைத் திறப்பது போலிருந்தது. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கக்கூட வாயெடுத்தேன். அந்நேரம் பார்த்து, எந்த ஊர் நேரம் வேண்டும் என்று திரை கேட்டது. யோசிக்கவே இல்லை, உங்கள் ஊரைத் தொட்டுவிட்டேன்.

இப்போது நாங்கள் மதியம் சாப்பிடும்போது அதில் பொழுது விடிகிறது. அப்பா எந்திரிச்சாச்சா என்று குட்டி அதனிடம்தான் விசாரிக்கிறாள். நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். மாலையில் பால் பொங்கி வழிவது தெரியாமல், இந்நேரம் சாப்பிட்டிருப்பீர்களா என்று நின்றுகொண்டிருக்கிறேன். நேற்று அக்கா நேரத்தை மாற்றித் தர வந்தார். சட்டென்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

என்னால் முடியவில்லைங்க. கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளம் குறைந்தால் குறையட்டும், இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம். நம் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பொழுது விடிந்தால் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவுக்காகக் காத்திருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி