எழுதாமல் விட்ட சினை நண்டுகள்

மார்ச் 9, ஞாயிறு.

மகளின் இளங்கலை ஆய்வுக்காக, ஆறு மாதங்களாக ஏரியில் நான் கையால் பிடித்த நண்டுகளை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொடுத்தேன். இன்று அவள் தமிழில் எழுதிய அறிக்கையை வாசித்தேன். ஏரியில் சினை நண்டே இல்லை என முடித்திருக்கிறாள். திடுக்கிட்டேன். சினை நண்டு அகப்பட்டால் அக்கணமே தண்ணீரில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். ஆகையால் அவற்றை நான் எழுதவேயில்லை.

அதை மகளிடம் சொன்னேன்.

"இன்னாம்மா நீ! வெள்ளிக்கிழமை குடுக்கணும். யாருக்குத் தெரியப்போவுது, வுடு."

"எனக்குத் தெரியுமேடி. உங்க மேடம்கிட்ட நானே சொல்றேன்."

"நீதான் அளந்தேன்னு அவங்ககிட்ட நான் சொல்லவே இல்லம்மா."

தைத்தது. பள்ளி கண்டிராமல், இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவளின் அளவுகள் என்பதை மறைத்திருக்கிறாள். இருக்கட்டும். நாளை முதல் பேருந்தில் அவளுடன் கல்லூரிக்குச் செல்வேன், நோட்டையும் எடுத்துக்கொண்டு. என் கையெழுத்தை அவர்கள் பார்க்கட்டும்.